சட்டமன்றத்தில் மருத்துவரின் சொல்



சர்க்கரை, விளக்கெண்ணெய், மது, புகையிலை, வெண்ணெய். மளிகைக் கடைச் சீட்டு போலத் தோன்றும் இந்த வரிசை, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1987-இல் இயற்றிய ஒரு சட்டத்தில் இருந்தது. மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் பொருள், அதன் கெடுதல் எல்லோருக்கும் தெரிந்ததே என்றால், அதனால் உடல்நலம் கெட்டவர் தயாரிப்பாளர்மேல் வழக்குப் போட முடியாது என்றது அந்தப் பிரிவு. அதற்கு எடுத்துக்காட்டாகத்தான் இந்த ஐந்தையும் அடுக்கினார்கள். வெண்ணெய் தின்று நோயுற்றதாக எத்தனை பேர் வழக்குக்குப் போவார்கள்? புகையிலைக்குப் பாதுகாப்புத் தர மற்ற நான்கும் துணைக்கு வந்தன.

அந்தச் சட்டம் உருவான விதம் கலிபோர்னிய அரசியலில் இன்றும் பேசப்படுகிறது. சாக்ரமெண்டோ நகரில், சட்டமன்றக் கட்டடத்துக்குச் சற்று தள்ளி, ஃபிராங்க் ஃபேட்ஸ் என்ற சீன உணவகம் இருக்கிறது. 1987 செப்டம்பர் 10 இரவு அங்கே காப்பீட்டு நிறுவனங்கள், இழப்பீட்டு வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், உற்பத்தியாளர்கள் ஆகிய தரப்புகளின் ஆட்கள் கூடினார்கள். சட்டமன்றத் தலைவர்களும் உடனிருந்தார்கள். ஒப்புக்கொண்ட விஷயங்களை பில் லாக்கியர் என்ற செனட்டர் மேசைமேல் இருந்த துணிக் கைத்துண்டில் எழுதினார். கூட்டத்தொடர் முடியும் தறுவாயில் அது மசோதாவாகி நிறைவேறியது. மருத்துவ அலட்சிய வழக்குகளில் வழக்கறிஞர்களின் கட்டண விகிதம் கூடியது. புகையிலைக் கம்பெனிகளுக்குக் கவசம் கிடைத்தது. மருத்துவர்களுக்குக் கிடைத்தது ஓர் உறுதிமொழி: 1975-இல் அவர்கள் போராடிப் பெற்ற இழப்பீட்டு வரம்புச் சட்டத்தில் சில ஆண்டுகளுக்கு யாரும் கை வைக்க மாட்டார்கள்.

நுரையீரல் புற்றுநோயாளியின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி வைத்து, அவர் மனைவியிடம் என்ன சொல்வது என்று தவித்த மருத்துவர்கள் அந்த மாநிலத்திலும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுடைய பெயரால் பேசும் சங்கம் பங்குகொண்ட உடன்பாட்டில்தான் புகையிலைக்குக் கவசம் உறுதியானது. அந்தப் பிரிவிலிருந்து புகையிலையை நீக்கும் திருத்தம் 1998 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வரும்வரை பத்தாண்டுகள் அந்தக் கவசம் நின்றது.

மாநில மருத்துவர் சங்கம் ஒன்று சட்டம் இயற்றும் இடத்துக்குப் போய் நிற்கும்போது அதன் கையில் என்ன இருக்கிறது, அதை அது எப்படிச் செலவழிக்கிறது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். நானும் அரசு மருத்துவராக இருந்தவன். சங்கப் பணியில் இருந்தவன். கோட்டைக்கு மனுவோடு போனவன். சங்கம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சங்கம் இல்லாவிட்டால் மருத்துவர்களின் குரல் அமைச்சர் அறை வாசலைக்கூடத் தாண்டியிருக்காது. ஆனால் அந்தக் குரலுக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? நள்ளிரவில் எழுந்து வந்து நாடி பார்த்தவர்மேல் நோயாளி வைத்த நம்பிக்கையிலிருந்து. அந்த மூலதனம் சங்கத்துக்குச் சொந்தமானது அன்று. நோயாளி கொடுத்து வைத்தது. அதை எடுத்துச் செலவழிக்கிறவர்கள் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்கள்.

கலிபோர்னியாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அங்கே அந்தக் கணக்கில் பெரும்பகுதி ஊரறியக் கிடைக்கிறது. 1856-இல் தொடங்கிய கலிபோர்னியா மருத்துவ சங்கம் அமெரிக்காவின் பெரிய மாநிலச் சங்கங்களில் ஒன்று. மாவட்டச் சங்கங்கள் அனுப்பும் பிரதிநிதிகளின் அவை அதற்கு உண்டு. அங்கே தீர்மானமாகும் நிலைப்பாட்டை முழுநேரப் பணியாளர்கள் சட்டமன்றத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஒவ்வொரு மசோதாவுக்கும் ஆதரவு, எதிர்ப்பு, திருத்தினால் சம்மதம் என்று நிலை எடுக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் மருத்துவர்களும் மாணவர்களும் வெள்ளை அங்கியோடு சாக்ரமெண்டோவுக்குப் போய்த் தத்தம் தொகுதி உறுப்பினரைப் பார்க்கிறார்கள். தேர்தல் நிதிக்கென்று தனிக் குழுவும் இருக்கிறது. 1974-இல் வாக்காளர்களே நேரடியாக வாக்களித்துக் கொண்டுவந்த அரசியல் சீர்திருத்தச் சட்டத்தின்படி, சட்டமன்றத்தில் ஆதரவு தேடுகிறவர்கள் பதிவு செய்ய வேண்டும். காலாண்டுதோறும் செலவுக் கணக்குத் தர வேண்டும். ஒரு மசோதா குழுவின் முன் வரும்போது குழு அலுவலர்கள் தயாரிக்கும் ஆய்வுக் குறிப்பின் கடைசியில் யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று பெயர்ப் பட்டியல் அச்சாகிறது. நம்மிடம் இப்படி ஒன்று இல்லை. சங்க நிர்வாகிகள் அமைச்சரைச் சந்தித்து மனு கொடுத்த படம் மறுநாள் நாளிதழில் வரும். மனுவில் என்ன எழுதியிருந்தது என்பது வராது.

இனி அந்தச் சங்கத்தின் பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு என்ற யோசனை கலிபோர்னியாவுக்குப் புதிதல்ல. 1918-லேயே அதற்கு வழிசெய்யும் அரசமைப்புத் திருத்தம் வாக்காளர் முன் வைக்கப்பட்டு, பெரும் வித்தியாசத்தில் தோற்றது. பிறகு வந்தது பொருளாதார மந்தம். நோயாளிகளால் கட்டணம் கொடுக்க முடியவில்லை; மருத்துவர்களின் வருமானம் சரிந்தது. 1935-இல் அந்த மாநிலச் சங்கத்தின் பிரதிநிதிகள் அவை கட்டாயக் காப்பீட்டை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. நாடு தழுவிய அமெரிக்க மருத்துவ சங்கம் கடுமையாக எதிர்த்துக்கொண்டிருந்த யோசனை அது. பத்தே ஆண்டுகளில் காட்சி மாறியது. போர்க்காலத்தில் வேலையும் கூலியும் பெருகின. மருத்துவர்களின் வருமானமும் நிமிர்ந்தது. 1945 ஜனவரியில் ஆளுநர் ஏர்ல் வாரன் கட்டாயக் காப்பீட்டை முன்மொழிந்தபோது அதே சங்கம் அதை வீழ்த்தப் புறப்பட்டது.

வாரன் இடதுசாரி அல்லர், குடியரசுக் கட்சிக்காரர். பின்னாளில் அமெரிக்கத் தலைமை நீதிபதியானவர். 1944-இல் சிறுநீரகத் தொற்றால் மருத்துவமனையில் கிடந்தபோது, வசதியில்லாத குடும்பத்தின் தலைவனுக்கு இப்படி ஒன்று வந்தால் அந்தக் குடும்பம் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறார். தொழிலாளி ஒரு பங்கு, முதலாளி ஒரு பங்கு என்று சம்பளத்திலிருந்து பிடித்து நிதி சேர்ப்பது அவர் திட்டம். அதை எதிர்க்கச் சங்கம் அமர்த்திக்கொண்டது கிளெம் விட்டேக்கர், லியோன் பாக்ஸ்டர் என்ற தம்பதியரின் பிரசார நிறுவனத்தை. 1942 தேர்தலில் வாரனுக்கே பிரசாரம் செய்து கொடுத்தவர்கள் அவர்கள்தாம். பத்திரிகை ஆசிரியர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். மருத்துவர்களுக்கு மேடைப் பேச்சுகளை எழுதிக் கொடுத்தார்கள். வெறுமனே எதிர்ப்பதோடு நிற்காமல், விருப்பக் காப்பீடு என்ற மாற்றையும் முன்னே நிறுத்தினார்கள். அதற்குச் சங்கம் 1939-லேயே தொடங்கி வைத்திருந்த, பிற்காலத்தில் ப்ளூ ஷீல்டு ஆன, சந்தாத் திட்டம் தோதாக இருந்தது. வாரனின் மசோதாவைக் குழுவிலிருந்து அவைக்குக் கொண்டுவரும் முயற்சி ஒரே ஒரு வாக்கில் தோற்றது.

1949-இல் அதிபர் ட்ரூமனின் தேசியக் காப்பீட்டுத் திட்டத்தை எதிர்க்க அமெரிக்க மருத்துவ சங்கம் அதே தம்பதியரை அமர்த்தியது. உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் 25 டாலர் வசூலித்தார்கள். அந்தப் பிரசாரத்தின் சுவரொட்டியில் ஓர் ஓவியம் அச்சாகி, நாடெங்கும் மருத்துவர்களின் அறைகளில் தொங்கியது. லூக் ஃபைல்ட்ஸ் 1891-இல் தீட்டிய 'மருத்துவர்' என்ற ஓவியம் அது. மூலப்படம் லண்டன் டேட் காட்சியகத்தில் இருக்கிறது. மாணவர்கள் ஒருமுறையாவது அதைப் பார்க்க வேண்டும். ஏழை உழைப்பாளி ஒருவரின் குடிசை. இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்ட படுக்கையில் ஒரு குழந்தை. ஒரு கை தொங்குகிறது. பக்கத்தில் மருத்துவர் மோவாயைக் கையில் தாங்கிக் குழந்தையையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். பின்னால் தாய் மேசையில் முகம் புதைத்திருக்கிறாள். தந்தை அவள் தோளில் கை வைத்து, மருத்துவரின் முகத்தைப் பார்த்து நிற்கிறார். விளக்கு இன்னும் எரிகிறது, சன்னலில் விடியல். ஓவியரின் சொந்த மகன் ஒருவன் 1877 கிறிஸ்துமஸ் நாளில் இறந்தபோது உடனிருந்த மருத்துவரின் அக்கறையே இதற்குத் தூண்டுதல் என்பார்கள்.

இந்தப் படத்திலிருந்து அரசியலை விலக்கி வையுங்கள் என்பது சுவரொட்டியின் வாசகம். அந்தக் குடிசைவாசி மருத்துவருக்கு எதைக் கொடுப்பார், மருந்துக்கு எங்கே போவார் என்ற கேள்விக்குத்தான் வாரனும் ட்ரூமனும் பதில் தேடினார்கள். அந்தக் குழந்தையின் படத்தையே அந்தப் பதிலுக்கு எதிராக மாட்டினார்கள். நோயாளியின் நம்பிக்கையை நோயாளிக்கு எதிராகவே செலவழித்த செயல் அது என்பது என் உறுதியான கருத்து. சங்கத்துக்கு அரசுக் கட்டுப்பாடு பற்றிய அச்சம் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் வருமானம் விழுந்தபோது வேண்டும், எழுந்தபோது வேண்டாம் என்று பத்தாண்டில் மாறிய நிலைப்பாட்டைக் கொள்கை என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

1975-க்கு வருவோம். இங்கே விஷயம் அவ்வளவு எளிதல்ல, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அலட்சிய வழக்குகளுக்கான காப்பீட்டு பிரீமியம் அந்த ஆண்டு கலிபோர்னியாவில் பல மடங்கு ஏறியது. சில காப்பீட்டு நிறுவனங்கள் மருத்துவர்களுக்குக் காப்பீடு தருவதையே நிறுத்த முனைந்தன. மே மாதம் வட கலிபோர்னியாவில் மயக்க மருந்து நிபுணர்கள் அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகளுக்கு வர மறுத்தார்கள். ஆளுநர் ஜெர்ரி பிரவுன் சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டினார். பேரி கீன் என்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதா செப்டம்பரில் சட்டமானது. மருத்துவச் செலவு, இழந்த சம்பளம் ஆகியவற்றுக்கு வரம்பு கிடையாது. வலி, வேதனை, இழப்பின் துயரம் ஆகியவற்றுக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர். வழக்கறிஞர் கட்டணத்துக்கும் உச்சவரம்பு.

இதன் விளைவை ஒரு கணக்காகப் பாருங்கள். நல்ல சம்பளத்தில் இருக்கும் நாற்பது வயதுக்காரர் தவறான சிகிச்சையால் முடங்கினால், அவர் இழக்கும் சம்பளமே பெருந்தொகை. வரம்பு அவரை அதிகம் தொடாது. இறந்தது கைக்குழந்தை என்றால்? ஓய்வுபெற்ற ஆசிரியை என்றால்? வீட்டைக் கவனித்துக்கொண்ட தாய் என்றால்? சம்பளக் கணக்கில் அவர்களுக்கு இழப்பே இல்லை. அவர்களுக்காகக் கேட்கக்கூடியது பெரும்பாலும் வரம்புக்குட்பட்ட அந்த ஒரு தொகைதான். நிபுணர் சாட்சியம், ஆவணம், ஆண்டுக்கணக்கில் அலைச்சல் என்று வழக்குச் செலவு எகிறும்போது, இத்தகைய வழக்குகளை எடுக்க வழக்கறிஞர்கள் தயங்கினார்கள். சட்டம் எல்லோருக்கும் ஒரே வரம்பைத்தான் போட்டது. அதன் சுமை சம்பாதிக்காதவர்கள்மேல் விழுந்தது.

சங்கத்தின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிரீமியம் கட்டுக்குள் வராவிட்டால் பிரசவ மருத்துவர்களும் நரம்பியல் அறுவை நிபுணர்களும் மாநிலத்தை விட்டுப் போவார்கள். ஏழைகளுக்கான கிளினிக்குகள் மூடப்படும் என்றார்கள். அது வெற்றுப் பயமுறுத்தல் அல்ல. சமூக மருத்துவ மையங்களும் பின்னாளில் இந்த வாதத்தில் சங்கத்தின் பக்கம் நின்றன. அந்த நெருக்கடியிலிருந்து மருத்துவர்களே நடத்தும் காப்பீட்டு அமைப்புகள் பிறந்தன. அவை நிலைத்தும் நின்றன. 1988-இல் வந்த காப்பீட்டுக் கட்டண ஒழுங்குமுறைதான் பிரீமியத்தை அடக்கியது, இழப்பீட்டு வரம்பு அல்ல என்று எதிர்த்தரப்பு சொல்லும். அந்த விவாதம் இன்னும் தீரவில்லை. 1975-இல் நான் அங்கே இருந்திருந்தால் வரம்பை ஆதரித்துக் கை தூக்கியிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

ஏற்க முடியாதது வேறு. அந்தத் தொகை விலைவாசியோடு உயர வேண்டும் என்ற ஒரு வரி சட்டத்தில் இல்லை. 1975-இன் 2,50,000 டாலர், 2022 விலைவாசியில் 10 லட்சம் டாலரைத் தாண்டும். ஆனாலும் 47 ஆண்டுகள் அந்தத் தொகை அப்படியே நின்றது. இதற்கிடையில் மருத்துவர்களின் கட்டணம் நிற்கவில்லை, பிரீமியம் நிற்கவில்லை, வீட்டு வாடகை நிற்கவில்லை. குழந்தையை இழந்த தாயின் துயரத்துக்கு மட்டும் 1975-இன் விலை. 2014-இல் வரம்பை உயர்த்தக் கோரிய வாக்கெடுப்பில், மருத்துவர்களுக்குப் போதைப்பொருள் பரிசோதனை என்ற நிபந்தனையையும் சேர்த்துவிட்டார்கள். சங்கமும் காப்பீட்டாளர்களும் பெரும்பணம் செலவிட்டு எதிர்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் நிராகரித்தார்கள். 2022-இல் இன்னும் கடுமையான வாக்கெடுப்பு வரப்போகிறது என்றான பிறகுதான் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, 35-ஆம் எண் மசோதாவாகச் சமரசம் வந்தது. 2023 முதல் வரம்பு 3,50,000 டாலர்; மரணம் என்றால் 5,00,000. பத்தாண்டில் படிப்படியாக 7,50,000 ஆகவும் 10,00,000 ஆகவும் ஏறும். அதன்பின் ஆண்டுக்கு 2 சதவீதம் கூடும். சங்கம் தானாக முன்வந்து இருபது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய திருத்தம் இது.

சங்கத்தின் சொல் அதன் உயரத்துக்கு எழுந்த நேரங்களும் உண்டு. 2014 டிசம்பரில் டிஸ்னிலாந்து கேளிக்கைப் பூங்காவிலிருந்து தட்டம்மை பரவியது. பெற்றோர் தங்கள் நம்பிக்கைக்கு மாறானது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தடுப்பூசி போடாத குழந்தையைப் பள்ளியில் சேர்க்க அதுவரை வழி இருந்தது. அதை எடுக்கும் மசோதாவை செனட்டர் ரிச்சர்ட் பான், பென் ஆலன் இருவரும் கொண்டுவந்தார்கள். பான் குழந்தை மருத்துவர். மாநிலச் சங்கம் முன்னின்று ஆதரித்தது. சட்டமன்ற வளாகம் எதிர்ப்பாளர்களால் நிரம்பியது. 2015 ஜூன் 30-இல் அது சட்டமாயிற்று. அடுத்தடுத்த ஆண்டுகளில் மழலையர் வகுப்பில் எல்லாத் தடுப்பூசியும் போட்டிருந்த குழந்தைகளின் விகிதம் 95 சதவீதத்தைத் தாண்டியது. தட்டம்மை சமூகத்தில் பரவாமல் இருக்கத் தேவைப்படும் அளவு அதுதான்.

இதோடு முடிந்திருந்தால் இதை நான் பெரிதாகச் சொல்லமாட்டேன். தடுப்பூசியை ஆதரிப்பதில் மருத்துவருக்கு இழப்பு ஒன்றும் இல்லை. அடுத்து நடந்ததுதான் சங்கத்துக்குச் சோதனை. நம்பிக்கை விலக்கு போனதும் மருத்துவ விலக்கு பெருகியது. சில மருத்துவர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு விலக்குச் சான்று எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்கள். நம்மூரில் மருத்துவச் சான்றிதழ் எப்படிக் கிடைக்கிறது என்று அறிந்த இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2019-இல் பான் மறுபடி ஒரு மசோதா கொண்டுவந்தார்: ஆண்டுக்கு ஐந்தோ அதற்கு மேலோ விலக்கு எழுதும் மருத்துவரின் சான்றுகளை மாநிலச் சுகாதாரத் துறை ஆராயும். அந்த நாட்களில் சாக்ரமெண்டோ தெருவில் ஓர் எதிர்ப்பாளர் பானைப் பின்னாலிருந்து தள்ளினார். தன் உறுப்பினரின் கையெழுத்தை அரசு ஆராயட்டும் என்ற அந்த மசோதாவைச் சங்கம் ஆதரித்தது. மருத்துவரின் முடிவில் யாரும் தலையிடக் கூடாது என்பது எந்த மருத்துவர் சங்கத்துக்கும் உயிர்நாடியான கொள்கை. குழந்தைகளுக்காக அதையே அவர்கள் தளர்த்தினார்கள். அந்தச் சங்கத்தின் வரலாற்றில் நான் தலைவணங்கும் இடம் இது.

அதே வேகத்தில் எல்லை தாண்டியதும் உண்டு. கொரோனா பற்றி நோயாளியிடம் தவறான தகவல் சொல்லும் மருத்துவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க 2022-இல் சங்கம் ஆதரித்த சட்டம், எது தவறு என்பதைத் தெளிவாக வரையறுக்காததால் நீதிமன்றத்தில் தடைபட்டு, பின்னர் நீக்கப்பட்டது. குணமாக வாய்ப்பில்லாத நோயாளி தன் மரணத்துக்கு மருந்து கேட்கும் உரிமை பற்றிய மசோதாவில் சங்கம் வேறு வழியில் போனது. பல்லாண்டு எதிர்ப்பை 2015-இல் கைவிட்டு, நடுநிலை என்று அறிவித்தது. அமெரிக்க மாநிலச் சங்கங்களில் அதுவே முதல். மனச்சாட்சி சார்ந்த விஷயத்தில் உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கும்போது சங்கம் வழிவிட்டு நிற்பதும் ஒரு நிலைப்பாடுதான்.

செவிலியர் விஷயத்தில் அந்தப் பெருந்தன்மை வரவில்லை. கூடுதல் பட்டமும் பயிற்சியும் பெற்ற செவிலியர்கள் மருத்துவரின் மேற்பார்வை இல்லாமலே சிகிச்சை தர வழி செய்யும் மசோதாக்களைச் சங்கம் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தது. 2020-இல்தான் ஒன்று நிறைவேறியது. நோயாளியின் பாதுகாப்பு என்பதே சங்கம் சொன்ன காரணம். மருத்துவர் யாரும் போகாத சிற்றூரில் அந்த நோயாளி யாரிடம் போவார் என்பதற்குச் சங்கத்திடம் உடனடி விடை இல்லை. இந்தியாவில் 2019-இன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 32-ஆம் பிரிவில் சமூகச் சுகாதார வழங்குநர்களுக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் தரலாம் என்றபோது, நாமும் புறநோயாளிப் பிரிவை மூடி வேலைநிறுத்தம் செய்தோம். அந்தப் பிரிவு யாருக்கு, எவ்வளவு பயிற்சிக்குப் பிறகு உரிமம் என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் நான் வேலை பார்த்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் வைத்திருந்த நீள நோட்டு கண்முன் நிற்கிறது. எந்தத் தெருவில் யார் எத்தனை மாதம், யாருக்கு ரத்தச்சோகை, யார் வீட்டில் ஆஸ்பத்திரி பிரசவத்துக்குச் சம்மதமில்லை என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த ஊர்த் தாய்மார்களைக் காத்ததில் என் ஸ்டெதாஸ்கோப்பைவிட அந்த நோட்டுக்குப் பங்கு அதிகம். செவிலியருக்கு என்ன கூடாது என்று பட்டியலிடும் சங்கம், என்ன கூடும் என்றும் சேர்த்து எழுதினால்தான் அந்த எதிர்ப்பை நான் நம்புவேன்.

தமிழ்நாட்டுக்கு வருகிறேன். மருத்துவர் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று வாதாடி உச்ச நீதிமன்றம் வரை போனது இந்திய மருத்துவ சங்கம். சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு முன்பே மருத்துவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தது. சாந்தா வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில், 1995 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கட்டணம் வாங்கும் மருத்துவர் நுகர்வோர் மன்றத்தில் பதில் சொல்ல வேண்டும் என்றது. தொழிலே அழிந்துவிடும் என்று அன்று நாம் மேடைகளில் பேசினோம். தொழில் அழியவில்லை. நோயாளியிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கும்போது அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லும் பழக்கம் அதன்பிறகுதான் பரவலாக வந்தது.

இன்னொரு பக்கம், அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் தனி ஒதுக்கீடு. தமிழ்நாடு மருத்துவ அலுவலர் சங்கம் நடத்திய வழக்கில் 2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படி ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. இங்கே சங்கம் தன் உறுப்பினர்களின் நலனுக்காகத்தான் போராடியது. அதை மறைக்கவும் இல்லை. மேற்படிப்புக்கு வழி இருப்பதால்தான் இளம் மருத்துவர்கள் மலையோர நிலையங்களுக்கும் போனார்கள். படித்துத் திரும்பியவர்களால்தான் மாவட்ட மருத்துவமனைகளில் நிபுணர்கள் கிடைத்தார்கள். உறுப்பினரின் ஆதாயமும் ஊரின் ஆதாயமும் ஒன்றாகப் போகும்போது, இதில் எங்களுக்கு இன்ன லாபம் என்று வாய்விட்டுச் சொல்வதால் சங்கத்தின் வாதம் பலவீனப்படுவதில்லை.

அதையே எல்லா மனுவிலும் செய்யுங்கள் என்பதுதான் சங்கப் பொறுப்பில் இருக்கும் இளையவர்களிடம் என் வேண்டுகோள். அமைச்சரிடம் கொடுக்கும் மனுவை அன்றைக்கே பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். இந்தக் கோரிக்கை நிறைவேறினால் உறுப்பினர்களுக்கு என்ன கிடைக்கும், நோயாளிக்கு என்ன கிடைக்கும், யாருக்கு என்ன இழப்பு என்று ஒரு பக்கம் சேர்த்து எழுதுங்கள். பொதுக்குழுவில் எதிர்த்து வாக்களித்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் எழுதுங்கள். நம் சட்டமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்கள் தேர்வுக் குழுவுக்குப் போகாமல் அந்தக் கூட்டத்தொடரிலேயே நிறைவேறுகின்றன. யார் கேட்டு எந்த வரி சேர்ந்தது என்று பின்னால் தேடினாலும் கிடைக்காது. ஆதரவு தேடுவதைப் பதிவு செய்யும் சட்டமும் நாட்டில் இல்லை. அரசு அந்த ஏற்பாட்டைச் செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கேட்பதிலும் நோயாளிக்கு இடம் வேண்டும். மருத்துவர்களைத் தாக்குவோர்மேல் நடவடிக்கை எடுக்க 2008-இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. அதைக் கேட்டுப் பெற்ற நமக்கு, வார்டு வாசலில் நிற்கும் உறவினருக்கு நிலைமையைச் சொல்ல ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்று கேட்கவும் கடமை உண்டு. தாக்குதல்களில் பல, யாரும் எதுவும் சொல்லாத அந்த வாசலில்தான் தொடங்குகின்றன.

கலிபோர்னியாவின் 2022 சமரசத்தில், பணத் தொகைகளுக்கு இடையே, அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு இருக்கிறது. சிகிச்சையில் தவறு நேர்ந்தபின், வழக்குத் தொடுக்கப்படும் முன், மருத்துவர் நோயாளியிடமோ குடும்பத்தாரிடமோ வருத்தம் தெரிவித்தாலும், தவறு தன்மேல்தான் என்று ஒப்புக்கொண்டாலும், அதை அவருக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றத்தில் காட்ட முடியாது. நம் நாட்டில் மருத்துவர் கேட்கும் மன்னிப்புக்கென்று சாட்சியச் சட்டத்தில் தனிப் பிரிவு கிடையாது. அதனால்தான் தவறு நேர்ந்த மறுகணமே மருத்துவமனையில் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். வழக்கறிஞரைக் கேட்காமல் பேசாதே என்று மூத்தவர்களே சொல்லிக் கொடுக்கிறார்கள். என்ன நடந்தது என்று தெரியாமலே குடும்பம் உடலை வாங்கிக்கொண்டு போகிறது. சாட்சியம் பொதுப்பட்டியலில் உள்ள பொருள். மாநிலம் திருத்தம் கொண்டுவந்து குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற முடியும். வாசகத்தை எழுதச் சட்டக் கல்லூரி மாணவர்களும் இந்த அவையில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு மருத்துவர் சங்கங்கள் அடுத்த மனுவில் இதை முதல் கோரிக்கையாக வைக்கட்டும்; அந்த மனுவில் நோயாளிகளின் அமைப்புகளும் கையெழுத்திடட்டும்.